பென்னாகரத்தில் ஒரு தகரப் பெட்டி

தருமபுரியிலிருந்து பென்னாகரம் சுமார் 30 கிலோமீட்டர். ஒகேனக்கல் அருவிக்குப் போகிறவர்கள் இந்த ஊரைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆனால் இறங்கிப் பார்க்கிறவர்கள் எத்தனை பேர்? பஸ் நின்றதும் ஒரு டீ, குழந்தைக்கு ஒரு பிஸ்கட் பொட்டலம், அவ்வளவுதான்! மனசெல்லாம் பரிசலிலும் மீன் வறுவலிலும் இருக்கும்.

எனக்கு அப்படிப் போய்விட முடியாது. என் நாத்தனாரைக் கட்டிக் கொடுத்த ஊர் ஆயிற்றே! கோடை விடுமுறையில் ஒரு வாரம் தங்கினேன். சுற்றிலும் குன்றுகள், மானாவாரி நிலங்கள், சாலையோரம் புளிய மரங்கள். கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் இங்கே சாப்பிட்டால்தான் ருசி. தெருக்கூத்துக்கும் பேர் போன பக்கம் இது.

நாத்தனாரின் மாமனார் இந்த ஊரில் போர்டு எழுதியவர். கடைப் பலகை, கோயில் சுவர், கூத்துக்காரர்களின் கிரீடம், புஜகீர்த்தி எல்லாம் அவர் கையால்தான். பிளெக்ஸ் வந்த பிறகு தொழில் படுத்துவிட்டது. அவர் காலமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. அவர் படம் போட்டுப் பழகிய நோட்டுகள் ஒரு தகரப் பெட்டி நிறைய இருந்தன.

"வெள்ளையடிக்கணும் அண்ணி. இதையெல்லாம் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுடலாம்னு இருக்கேன். செல்லரிச்சுப் போயிடும்" என்றாள் நாத்தனார். அவள் சொல்வதிலும் நியாயம் உண்டு. சின்ன வீட்டில் எதையென்று வைத்துக்கொள்வது? அவளுடைய பெண், பிளஸ் ஒன் படிக்கிறவள், வாய் திறக்காமல் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டாள். தாத்தாவின் கை அவளுக்கும் வந்திருக்கிறது. எந்நேரமும் பென்சிலும் கையுமாகத்தான் இருப்பாள்.

அவளுக்குக் கொடுக்கத்தான் வான்கோ என்ற டச்சு ஓவியரின் வாழ்க்கைப் புத்தகம் ஒன்றைக் கொண்டு போயிருந்தேன். அன்று மத்தியானம் நாத்தனாரைப் பக்கத்தில் உட்கார வைத்து அந்தக் கதையைச் சொன்னேன். வான்கோவின் கதையைவிட அவருடைய தம்பி மனைவியின் கதைதான் நமக்கு முக்கியம்!

அவர் பெயர் ஜோஹன்னா. 1889-ல் வான்கோவின் தம்பி தியோவைக் கல்யாணம் செய்துகொண்டார். 1890 ஜனவரியில் ஆண் குழந்தை பிறந்தது. பெரியப்பா பெயரையே வைத்தார்கள். அந்தக் குழந்தைக்காக வான்கோ வரைந்ததுதான் நீல வானத்தில் பூத்து நிற்கும் வாதுமைக் கிளை. அதே ஆண்டு ஜூலையில் வான்கோ இறந்தார். ஆறே மாதத்தில் தியோவும் போய்விட்டார். 28 வயதில், கைக்குழந்தையோடு ஜோஹன்னா விதவை. மிச்சம் இருந்தவை, அன்றைக்குப் பெரிய விலை போகாத நூற்றுக்கணக்கான படங்களும், அண்ணன் தம்பிக்கு எழுதிய 600-க்கும் மேற்பட்ட கடிதங்களும்தான்.

அவர் அவற்றை எடைக்குப் போடவில்லை. ஊர் மாறிப் போய், வீட்டிலேயே விருந்தினரைத் தங்கவைத்துச் சமைத்துப் போட்டுப் பிழைத்தார். இரவில் கடிதங்களைப் படித்தார், வரிசைப்படுத்தினார். முதலில் ஜனங்கள் படங்களைப் பார்க்கட்டும், பிறகு மனிதரைப் பற்றிப் படிக்கட்டும் என்று பொறுத்திருந்து, 1914-ல்தான் கடிதங்களைப் புத்தகமாக்கினார். வான்கோவைப் பற்றி இன்று வருகிற வாழ்க்கை வரலாறுகளுக்கெல்லாம் வேர் அந்தக் கடிதங்கள்தான். அந்தக் குழந்தை வளர்ந்து பெரியவராகி முன்னின்று பாடுபட, ஆம்ஸ்டர்டாமில் 1973-ல் வான்கோ மியூசியம் திறக்கப்பட்டது.

நாத்தனார் ஒன்றும் பேசவில்லை. பெட்டியை மட்டும் நகர்த்திச் சுவரோரம் வைத்தாள்.

மறுநாள் எல்லோருமாகப் பாப்பாரப்பட்டிக்குப் போனோம். இதே வட்டத்தில் இருக்கிற ஊர். சுதந்திரப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா, ஜாதி மத பேதமில்லாமல் எல்லோரும் வழிபடப் பாரத மாதாவுக்கு இங்கே கோயில் கட்ட ஆசைப்பட்டார். 1923-ல் சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார். கோயில் எழும்பும் முன்பே, 1925 ஜூலை 23-ல் சிவா இங்கேயே கண்மூடினார். அவருடைய நினைவிடம் இருக்கிறது. பாரத மாதா நினைவாலயத்தை 2021-ல் அரசு திறந்தது.

பாரத மாதா என்றதும் 1905-ல் அவனீந்திரநாத் தாகூர் வரைந்த படம் ஞாபகம் வந்தது. காவி உடுத்த, நான்கு கைகள் கொண்ட பெண். ஆயுதம் எதுவும் இல்லை. சுவடி, நெற்கதிர், வெள்ளைத் துணி, ஜபமாலை. நம் வீட்டுக்கு என்னென்ன வேண்டுமோ அதுதான்!

அவருடைய நினைவுகளும் ஒரு பெண்ணால்தான் புத்தகமாயின. சாந்திநிகேதனில் ஓவியம் கற்ற ராணி சந்தா, அவர் பேசப் பேசக் கேட்டு எழுதி, 1941-ல் 'கரோயா', 1944-ல் 'ஜோராசாங்கோர் தாரே' என்று இரண்டு வங்காளி நூல்களாக்கினார். 'கரோயா' என்றால் வீட்டு விஷயம் என்று பொருள். நம் பூஜை அறை லட்சுமி, சரஸ்வதி படங்களால் பரவலான ரவிவர்மாவுக்கும் இப்படி ஒருவர் இருந்தார். கூடவே ஊர் ஊராகப் போன தம்பி ராஜராஜ வர்மா எழுதிய டைரியும் பின்னாளில் நூலாக வந்திருக்கிறது.

திரும்பும்போது பஸ்ஸில் அந்தப் பெண் கேட்டாள்: "அத்தை, தாத்தா பத்தி யார் எழுதுவாங்க?"

"பாட்டி சொல்லட்டும், நீ எழுது."

அன்று ராத்திரியே ஆரம்பித்துவிட்டார்கள். "இது பெரிய கோயில் திருவிழா வருஷம் போட்டது... இந்தச் சிவப்புக்குக் காவிக் கல்லை அரைச்சுக் குடுத்ததே நான்தான்" என்று பாட்டியம்மா சொல்லச் சொல்லப் பேத்தி எழுதினாள். நாற்பது வருஷம் வர்ணம் அரைத்துக் கொடுத்த கை என்பது அன்றைக்குத்தான் அந்த வீட்டுக்கே தெரிந்தது! பெட்டியைப் போட்டுவிடலாம் என்ற நாத்தனார், "இந்த நோட்டு விட்டுப்போச்சு பாரு" என்று தேடி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் படம் போட்டவர், கோலம் வரைந்தவர், பொம்மை செய்தவர் என்று யாராவது இருப்பார்கள். பெரியவர்கள் நம்மோடு இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். பழைய படங்களைப் பாதுகாக்கச் சில வழிகள்:

படத்தின் பின்புறம் ஓரமாக, பென்சிலால் மெதுவாக, யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறிவிடும்.

கிழிசலுக்கு செல்லோ டேப் ஒட்டாதீர்கள். நாளடைவில் பழுப்புக் கறை பிடித்துவிடும்.

பிளாஸ்டிக் பையில் கட்டாமல், உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் இல்லாத இடத்தில் வையுங்கள். வருஷத்துக்கு இரண்டு முறையாவது எடுத்து, பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள்.

படம் போடுகிற குழந்தை வீட்டில் இருந்தால் ஓவியர்களின் வாழ்க்கைப் புத்தகம் ஒன்று வாங்கிக் கொடுங்கள். படித்து முடித்ததும், "இவருக்கு வீட்டில் யார் துணை நின்றார்கள்?" என்று கேளுங்கள். குழந்தை சொல்லும் பதில் நமக்கும் பாடமாக இருக்கும்.