ஏ.டி.எம் கார்டு யார் கையில் இருக்கிறது?

பிள்ளைக்கு 18 வயது நிரம்பியதும் வங்கியில் புதிதாகக் கையெழுத்து கேட்பார்கள். மைனராக இருந்தபோது தொடங்கிய கணக்கு, இனி அவர்கள் பெயரில், அவர்கள் பொறுப்பில் நடக்க வேண்டும் என்பதற்காக. அந்த நாளில் வங்கி கவுன்டர் முன்பு நின்று, "அப்பா, எப்படிப் போடட்டும்?" என்று திரும்பிப் பார்க்கும் பிள்ளைகள் உண்டு. பிளஸ் டூ கணக்குப் பாடத்தில் சென்டம் வாங்கியவர்களும் அதில் அடக்கம்.

இத்தனைக்கும் 10 வயது நிரம்பிய பிள்ளைகளே சேமிப்புக் கணக்கைத் தாங்களாக இயக்கலாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதித்து வருடங்கள் ஆகிவிட்டன. எவ்வளவு தொகை வரை என்பதை வங்கி முடிவு செய்யும். ஆனால், வீட்டில் யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை. டியூஷன், தேர்வு, கட் ஆஃப் என்று ஓடுகிற ஓட்டத்தில் பேங்க் சலான் எல்லாம் ஒரு விஷயமா?

கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் அது விஷயமாகிறது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் 'புதுமைப் பெண்' திட்டம், 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் முன்பு இருந்த திருமண நிதியுதவித் திட்டத்தைத்தான் இப்படி மாற்றினார்கள். மாணவர்களுக்கான 'தமிழ்ப் புதல்வன்' 2024 ஆகஸ்ட்டில் வந்தது. இரண்டிலும் பணம் நேராகப் படிப்பவரின் வங்கிக் கணக்குக்கே போகிறது. அதன் பிறகு?

மதுரைப் பக்கம் ஒரு வீடு. அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அம்மா பூ கட்டிக் கொடுக்கிறார். மூத்த மகள் பி.காம் முதலாண்டு. மாதாமாதம் அவள் கணக்கில் பணம் ஏறியதும் எஸ்.எம்.எஸ் வருவது அப்பாவின் போனுக்கு. கார்டு பீரோவுக்குள். பின் நம்பர் தெரிந்தவர் அப்பா மட்டுமே. கணக்குப்பதிவியல் படிக்கிற பெண்ணுக்குத் தன் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாது.

"வயசுப் பொண்ணு கையில காசு எதுக்கு? கேட்டா குடுக்கப் போறேன்" என்பது அப்பாவின் வாதம். அவர் கெட்டவர் இல்லை. கேட்டால் தருகிறார்; சில மாதம் ஆயிரத்துக்கு மேலேயே தருகிறார். ஆனால், ஜெராக்ஸ் எடுக்கவும் கேட்க வேண்டும், நாப்கின் வாங்கவும் கேட்க வேண்டும். (இதே வீட்டில் மகன் மூத்தவனாக இருந்திருந்தால், கார்டு அவன் பர்ஸில் இருந்திருக்கும். யாரும் உட்கார்ந்து பேசி எடுக்கிற முடிவில்லை இது. தானாக நடக்கிறது. அதுதான் எரிச்சல்.)

ஒருநாள் மகள் கல்லூரியிலிருந்து வந்து கேட்டாள். "அப்பா, அக்கவுன்ட்ட ஃப்ரீஸ் பண்றதுன்னா என்னப்பா?" அவளுடைய வகுப்புத் தோழி ஒருத்தியின் கணக்கு முடக்கப்பட்டிருந்தது. 'உன் கணக்கில் பணம் வரும், எடுத்துக் கொடு, கமிஷன் தர்றோம்' என்று ஆன்லைனில் யாரோ சொன்னதை நம்பியிருக்கிறாள் அந்தப் பெண். சைபர் மோசடியில் யாரிடமோ பறித்த பணம் இப்படித்தான் மாணவர்களின் கணக்குகள் வழியாகக் கைமாறுகிறது. பறிகொடுத்தவர் 1930 என்ற எண்ணில் புகார் கொடுத்தால், போலீஸ் முதலில் வந்து நிற்பது கணக்குக்கு உரியவரின் வாசலில். 'எனக்கு எதுவும் தெரியாது' என்று சொல்லி அவ்வளவு எளிதில் வெளியே வந்துவிட முடியாது.

அப்பா பயந்துபோனார். "பாத்தியா, இதுக்குத்தான் கார்ட நான் வெச்சிருக்கேன்." அம்மா பூவிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "அந்தப் புள்ளைக்கும் வீட்டுல யாரும் சொல்லிக் குடுத்திருக்க மாட்டாங்க. நம்ம புள்ளைக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

அம்மா கேட்டதில் நியாயம் இருக்கிறது. கார்டைப் பூட்டி வைத்தால் கார்டுதான் பத்திரமாக இருக்கும். மூன்று வருடம் கழித்து வேலை கிடைத்து, முதல் சம்பளம் கணக்கில் ஏறும்போது அந்தப் பெண் எதை வைத்து முடிவெடுப்பாள்?

இரண்டு நாள் முறுக்கிக்கொண்டிருந்துவிட்டு அப்பா கார்டைக் கொடுத்தார். மறுநாளே அவள் பின் நம்பரை மாற்றினாள். முதல் மாதப் பணம் நான்கே நாளில் காலி. ஒரு குர்தி, தோழிகளோடு பிரியாணி, ஒரு ரீசார்ஜ். அப்பா வாயைத் திறக்கப் போனார். அம்மா கண்ணாலேயே அடக்கினார். டவுன் பஸ் பெண்களுக்கு இலவசம், மதியச் சாப்பாடு வீட்டு டிபன் பாக்ஸில். எதுவும் குடிமுழுகிவிடவில்லை. ஆனால், ரெக்கார்டு நோட்டு வாங்கக் காசில்லாமல் தோழியிடம் 80 ரூபாய் கடன் வாங்கி, அடுத்த மாதம் முதல் வேலையாக அதைத் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். இது அம்மாவுக்கே பிறகுதான் தெரிந்தது.

போன் நம்பரை மாற்ற வங்கிக்குத் தனியாகப் போனாள். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். இரண்டாவது முறை பாஸ்புக்கையும் ஆதாரையும் எடுத்துப்போய், வரிசையில் நின்று முடித்துக்கொண்டு வந்தாள். இப்போது எஸ்.எம்.எஸ் அவள் போனுக்கு வருகிறது. அப்பாவுக்கு இன்னும் முழு சம்மதமில்லை. மாதக் கடைசியில், "எவ்வளவு வெச்சிருக்க?" என்று சும்மா கேட்பதுபோல் கேட்கிறார். "இருக்குப்பா" என்கிறாள். தொகையைச் சொல்வதில்லை.