யூதாஸ் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தான்?

நண்பன் ஒருத்தன் காட்டிக்கொடுத்துட்டா உடனே 'யூதாஸ்'னு சொல்லிடுறோம். பைபிள் படிக்காதவங்களுக்கும் தெரிஞ்ச பேர். ஆனா நான்கு நற்செய்திகளையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிச்சுப் பாருங்க.

முதலில் எழுதப்பட்டது மாற்கு என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. அதில் யூதாஸ் ஏன் அப்படிச் செய்தான் என்று காரணமே இல்லை. அவன் போய்ச் சொன்ன பிறகுதான் பணப் பேச்சு வருகிறது. மத்தேயுவில் அவனே விலை கேட்கிறான்: 30 வெள்ளிக்காசு. லூக்காவில் அவனுக்குள் சாத்தான் புகுகிறான். யோவானில் அவன் முன்பிருந்தே பணப்பையில் கைவைக்கும் திருடன். 14-ஆம் நூற்றாண்டில் தாந்தே அவனை நரகத்தின் அடியாழத்தில், சாத்தானின் வாய்க்குள்ளேயே தள்ளிவிட்டார்.

நாமளும் இப்படித்தான். எங்க கிளாஸ்ல மாஸ் பங்க் அடிச்சப்போ, விசாரணையில ஒருத்தன் எல்லார் பேரையும் சொல்லிட்டான். ஒரே வாரத்துல, "அவன் ஃபர்ஸ்ட் இயர்லயே ஒரு மாதிரிதான்டா"ன்னு ஆளாளுக்கு ஞாபகம் வந்துடுச்சு. அதுவரை அவன் நோட்டை வெச்சுத்தான் பாதி கிளாஸ் பாஸ் ஆச்சு!

கடைசி இராவுணவில், உங்களில் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான் என்று இயேசு சொன்னதும் யாரும் யூதாஸைக் கைகாட்டவில்லை. 'நானா?' என்றுதான் ஒவ்வொருவரும் கேட்டார்கள். வில்லன் மாதிரி இருந்திருந்தா அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காதா? பழைய ஓவியர்கள் பலர் அவனை மேசைக்கு எதிர்ப்பக்கம் தனியா உட்கார வெச்சாங்க. மிலானில் லியொனார்டோ டா வின்சி வரைந்த ஓவியத்தில் மட்டும் தேடிப் பாருங்க, மத்தவங்களோட வரிசையிலேயே இருப்பான்.

மத்தேயு இன்னொன்றும் சொல்கிறார். யூதாஸ் மனம் வருந்தி, காசைத் திருப்பிக் கொண்டுவந்தான். அது எங்கள் கவலை இல்லை, உன் பாடு என்று குருக்கள் கைகழுவிவிட்டார்கள். அவன் போய்த் தூக்கில் தொங்கினான். அதே இரவில் மூன்று முறை இயேசுவைத் தெரியாது என்று சொன்ன பேதுருவோ, நண்பர்களோடு திரும்பச் சேர்ந்துகொண்டார்.

காட்டிக்கொடுத்தது தப்பு இல்லைன்னு நான் சொல்ல வரல. உங்க கேங்கிலிருந்தும் ஒருத்தன் இப்படி விலகிப் போயிருக்கலாம், மெஸ்ஸில் தனியா சாப்பிடலாம். மன்னிக்கிறது உங்க இஷ்டம். என்ன நடந்துச்சுன்னு அவன்கிட்ட ஒரு தடவையாவது கேட்டீங்களா?