குடத்துக்கு முன்னால் ஒரு பட்டியல்

உத்திரமேரூரைப் பற்றிப் பேசாத மேடைத் தமிழர் அரிது. குடவோலை என்றதும் நமக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடுகிறது. வந்தவாசி வழியாகச் சென்று மாலைக்குள் திரும்பிவிடக்கூடிய தொலைவில் அவ்வூர் இருப்பதால், ஆரணிக்காரர்களான எங்களுக்குப் பெருமை சற்றுக் கூடுதல். ஆனால் நெசவுக் குடும்பங்களில் பிறந்த நாங்கள் அக்கல்வெட்டை ஒரு நடைமுறைக் கேள்வியோடுதான் வாசிக்கிறோம்: ஒரு தேர்தல் செல்லும் என்று எப்போது சொல்லலாம்?

முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921இல், வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் பொறிக்கப்பட்டவை அவ்விரு சாசனங்களும். 30 குடும்புகள், ஒவ்வொன்றிலும் தகுதியுடையோர் பெயர்கள் ஓலையில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்படும். முதிய நம்பி ஒருவர் எல்லாரும் காணக் குடத்தைத் தூக்கி நிற்பார். உள்ளிருப்பதை அறியாத சிறுவன் ஓலையை எடுப்பான். அதை வாங்குபவர் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும். அவர் வாசித்த பெயரை அங்குள்ள நம்பிமார் அனைவரும் வாசிக்க வேண்டும்.

நம் பாடநூல்களில் தங்கிவிட்டது இந்தக் காட்சி மட்டுமே. கல்வெட்டோ, குடத்துக்குள் எவர் பெயர் போகலாகாது என்பதில்தான் கூடுதல் கவலை கொள்கிறது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் நிற்க முடியாது. அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது. கடந்த மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவருக்கும் இடமில்லை. முதல் சாசனத்தின் 30-60 என்ற வயது வரம்பு இரண்டே ஆண்டுகளில் 35-70 ஆனது. விதியிலுள்ள குறையை விதியாலேயே திருத்தும் தெளிவு அச்சபைக்கு இருந்தது.

இதே கல்வெட்டு எங்களை வெளியே நிறுத்துவதையும் சொல்லாமல் விட முடியாது. அது பிரமதேய ஊரின் சபை. கால் வேலிக்கு மேல் இறைநிலமும் சொந்த மனையில் வீடும் வேத அறிவும் கேட்டது. தறிக்காரர் பெயரோ பெண்ணின் பெயரோ அக்குடத்தில் விழுந்திருக்க வழியில்லை. குலுக்கலில் அப்பழுக்கில்லை, பட்டியல்தான் குறுகியது.

நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் அந்தப் பட்டியலை அகலத் திறந்தது. பட்டும் ஜரிகையும் வாங்கிச் சென்று, சேலையாக நெய்து கொடுத்து, கூலி பெறுகிறவரே அங்கே வாக்காளர். யாருக்குப் பாவு முதலில், எந்தச் சேலைக்குக் குறை சொல்லிக் கூலியைப் பிடிப்பது, போனஸ் எப்போது என்பவற்றில் நிர்வாகக் குழுவின் கை இருக்கிறது. இங்கே தேர்தல் என்பது அடுப்பைத் தொடுகிற விஷயம்.

2012இல் நடைமுறைக்கு வந்த 97ஆவது அரசியல் சட்டத் திருத்தம், குழுவின் பதவிக்காலம் ஐந்தாண்டு என்றும், அது முடியுமுன் அடுத்த தேர்தல் நடக்க வேண்டும் என்றும் கூறியது. மாநிலச் சங்கங்களைப் பொறுத்தவரை அப்பகுதி செல்லாது என்று 2021இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது; மாநிலங்களின் ஒப்புதல் பெறப்படவில்லை என்பதே காரணம். தமிழகக் கூட்டுறவுச் சங்கங்களில் 2013இலும் 2018இலும் தேர்தல் நடந்தது. 2018இல் வேட்புமனுக்கள் கையாளப்பட்ட விதம் நீதிமன்றம் வரை சென்றது.

எங்கள் தெருக்களில் அதிகம் கேட்ட சொல் 'போட்டியின்றி' என்பது. அதை ஒற்றுமையின் அடையாளமாகச் சொல்வார்கள். சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் மனுத்தாக்கல் நாளே தறிமேடைக்குத் தெரியாமல் போயிருந்தால், காலமானவர் பெயர் பட்டியலில் இருந்து, நெய்கிறவர் பெயர் இல்லாதிருந்தால், அதற்குப் பெயர் ஒற்றுமை அன்று. வாக்குப்பெட்டி வருமுன்பே தேர்தல் முடிந்துவிட்டது என்பதே பொருள்.

சோழர் காலத்துச் சபையிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது குடத்தை அன்று என்றே எங்களுக்குத் தோன்றுகிறது. கணக்கு முடிக்காதவரை விலக்கிய கண்டிப்பும், விதிகளை ஊர் வாசிக்கக் கல்லில் வெட்டிய துணிவுமே அதன் சாரம். எங்களுக்குக் கல் வேண்டாம். உறுப்பினர் பட்டியலும் சென்ற ஆண்டுக் கணக்கும், சேலை கொடுக்க வருகிறவர் நின்று படிக்கும் உயரத்தில், சங்கத்துச் சுவரில் ஒரு மாதம் தொங்கினால் போதும்.