ஒரு பழம்கூட எல்லை தாண்டாது!

நம்மூரில் கேரவன் என்றால், சினிமா நட்சத்திரங்கள் ஓய்வெடுக்கும் வண்டி. ஆஸ்திரேலியாவில் அது, காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் சக்கர வீடு. படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் மாதக்கணக்கில் இதில் நாட்டைச் சுற்றுகிறார்கள். ‘நரைமுடி நாடோடிகள்’ என்று அவர்களைச் செல்லமாக அழைப்பதும் உண்டு.

இவர்கள் விரும்பிப் போகும் பாதைகளில் ஒன்று, தெற்குக் கடலோரம் செல்லும் ஏர் நெடுஞ்சாலை. நம் ஏர்க்கலப்பைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1841-ல் இந்த வறண்ட பூமியைக் கடந்த எட்வர்ட் ஜான் ஏர் என்பவரின் பெயர் அது. போர்ட் அகஸ்டாவிலிருந்து நார்ஸ்மன் வரை சுமார் 1,660 கிலோமீட்டர். அதில் செடுனாவிலிருந்து யூக்ளா வரையிலான ஏறத்தாழ 490 கிலோமீட்டரை ஒரே நாளில் கடப்பவர்கள் பலர். சென்னையிலிருந்து மதுரை தாண்டிப் போகும் தூரம்தான். ஆனால், வழியில் ஊர் என்று சொல்ல அதிகம் இல்லை.

விடிந்த பிறகே வண்டி எடுக்க வேண்டும்

அதிகாலையிலும் அந்தி நேரத்திலும் கங்காருக்கள் சாலையின் குறுக்கே பாயும். அதனால், நன்றாக வெளிச்சம் வந்த பிறகே அனுபவசாலிகள் புறப்படுகிறார்கள். பெட்ரோல் பங்க்குகளுக்கு நடுவே சில இடங்களில் 180 கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி உண்டு. எதிர்க்காற்று அடித்தால், கேரவன் இழுக்கும் கார் எரிபொருளை அதிகமாகக் குடிக்கும். எனவே, பார்த்த பங்க்கிலெல்லாம் டேங்கை நிரப்பிக்கொள்வது வழக்கம். 36 மீட்டர் நீளமுள்ள ‘ரோடு டிரெயின்’ லாரிகள் எதிரே கடக்கும்போது, காற்றின் வேகத்தில் கேரவன் ஆடும். ஸ்டீயரிங்கை இறுகப் பிடிக்க வேண்டியிருக்கும்.

செடுனாவைச் சுற்றிலும் கோதுமை வயல்கள். எல்லாமே மானாவாரி. ஆண்டு மழை 300 மில்லிமீட்டர் அளவுதான். 73 கிலோமீட்டரில் பெனாங். நிலத்தடி நீரை இறைத்த காற்றாலைகளால் பெயர் பெற்ற சிற்றூர். அங்குள்ள காற்றாலை அருங்காட்சியகத்தில் 35 அடி விட்டமுள்ள ராட்சதச் சக்கரம் ஒன்றும் நிற்கிறது.

ஆடுகளைக் காக்கும் வேலி

நுண்ட்ரூவைத் தாண்டியதும் சாலையை ஒரு வேலி குறுக்கிடுகிறது. டிங்கோ என்னும் காட்டுநாய்களிடமிருந்து ஆட்டு மந்தைகளைக் காப்பதற்காகப் போட்ட வேலி இது. மொத்த நீளம் சுமார் 5,600 கிலோமீட்டர். குயின்ஸ்லாந்தில் தொடங்கி, இங்கே தென்கடல் ஓரத்தில் முடிகிறது. ஓர் இடத்தில் கம்பி அறுந்தாலும் நாய் உள்ளே வந்துவிடும். அதனால், அதைச் சுற்றிப் பார்த்துப் பழுது நீக்குவது ஓயாத வேலை.

வேலிக்கு மேற்கே கொஞ்ச தூரத்தில் நல்லர்போர் சமவெளி. ‘மரமே இல்லாதது’ என்பது அந்த லத்தீன் பெயரின் பொருள். பரப்பு சுமார் 2 லட்சம் சதுர கிலோமீட்டர். அடியில் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. பெய்யும் மழை வெடிப்புகள் வழியே குகைகளுக்குள் இறங்கிவிடுவதால், மேலே ஓர் ஓடைகூட இல்லை. நிலத்தடி நீரும் பெரும்பாலும் உப்பு. உப்பைத் தாங்கும் குட்டைப் புதர்கள்தாம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை தெரிகின்றன.

தாகத்தால் தவித்த ஏருக்கு வழிகாட்டியவர்கள் பூர்வகுடிகள். கடற்கரை மணல் மேடுகளில் ஊற்றுத் தோண்டி நல்ல தண்ணீர் எடுக்கும் வித்தை அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்றைய பயணிகள் குடிநீரைத் தொட்டியில் நிரப்பிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். வழியில் உள்ள கடைகளில் தண்ணீர் விலைமதிப்பற்ற பொருள்.

எல்லையில் ஃபிரிட்ஜைத் திறக்கிறார்கள்

மாலையில் மேற்கு ஆஸ்திரேலிய மாநில எல்லை வருகிறது. இங்குள்ள வேளாண் சோதனைச் சாவடி 24 மணி நேரமும் இயங்குகிறது. கார், கேரவன், ஃபிரிட்ஜ், அலமாரி எல்லாவற்றையும் அதிகாரிகள் சோதிக்கிறார்கள். பழம், காய்கறி, தேன், விதை, செடி, ஒட்டிய மண் என்று எதிலும் கெடுபிடி. பெரும்பாலானவற்றைத் தொட்டியில் போட்டுவிட்டுத்தான் நகர முடியும்.

காரணம் இருக்கிறது. கிழக்கு மாநிலங்களில் உள்ள குயின்ஸ்லாந்து பழ ஈ, மேற்கில் நிலைகொள்ளவில்லை. மேற்கில் இருக்கும் மத்தியதரைக்கடல் பழ ஈ கிழக்கே போய்விடக் கூடாது. அதனால், எதிர்த்திசையில் வருபவர்களுக்குச் செடுனாவில் இதே சோதனை. தேனீ நோய்கள் பரவக் கூடாது என்பதற்காகத்தான் தேனுக்கும் தடை. விவரம் தெரிந்தவர்கள் முந்தைய நாளே காய்கறிகளைச் சமைத்துத் தீர்த்துவிடுகிறார்கள்.

இந்தக் கெடுபிடியின் அருமை நமக்கும் தெரியும். ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட பஞ்சுச் செதில்பூச்சி, 1928-ல் நீலகிரி வாட்டில் மரங்களில் தென்பட்டது. அதை அடக்க, அதே ஆஸ்திரேலியாவின் பொறிவண்டைத் தேடிக் கொண்டுவர வேண்டியிருந்தது. வெளியூர் நாற்றும் மண்ணும் வாங்கி வருபவர்கள் இலையின் அடிப்பக்கத்தையும் வேரையும் பார்த்து வாங்குவது, நம் கையில் இருக்கும் சோதனைச் சாவடி.

மணலில் புதைந்த ஊர்

எல்லையிலிருந்து 12 கிலோமீட்டரில் யூக்ளா. இங்கே 1877-ல் திறந்த தந்தி நிலையம் பரபரப்பாக இயங்கியது. 1859-ல் விக்டோரியாவில் வேட்டைக்காக விடப்பட்ட இரண்டு டஜன் முயல்கள் பல்கிப் பெருகி, 1890-களில் இங்கும் படையெடுத்தன. மணலைப் பிடித்துவைத்திருந்த செடிகளை அவை மேய்ந்து தீர்த்தன. பிடிப்பில்லாத மணல் நகரத் தொடங்கி, பழைய ஊரை மூடியது. மக்கள் மேட்டுக்குக் குடிபெயர்ந்தார்கள்.

நாள் முழுக்க ஓட்டி வந்தவர்கள் கேரவனை நிறுத்திவிட்டு, மணலுக்கு மேலே துருத்தி நிற்கும் தந்தி நிலையத்தின் கல் சுவர்களைப் பார்க்கப் போகிறார்கள். சாவடியில் பறிகொடுத்த ஆப்பிளுக்காக முணுமுணுத்தவர்களுக்கு, அந்தச் சுவர்களே பதில் சொல்லிவிடும்.