விரல் நீளத்து ஒளி

மலாக்கா மாநிலத்தில், மஸ்ஜித் தானாவிலிருந்து பெங்காலான் பாலாக் கடற்கரைக்குப் போகும் வழியில், செம்பனைத் தோட்ட ஓரத்தில் வேன் நின்றது. பின்கதவுக்குள் ஒரு மடக்கு மேசை, மேலே கறுப்புத் துணி. கறுப்பு எதற்கு என்று கேட்டேன்.

“வெள்ளையில கண்ணாடி தெரியாது தம்பி. தெரியாததுதான் கால்ல ஏறும்.”

அப்படிச் சொன்ன அண்ணனுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. அவர் அப்பா பால்மரம் வெட்டியவர். அண்ணன் வெட்டுவது ஃபைபர். முதல் நாள் இரவு ஒரு லோரி இழுத்துப் போன கேபிளுக்கு ஜாயின்ட் போட வந்திருந்தார். உதவிக்கு ஒரு பையன், இழைகளைப் பிரித்தபடி வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தான்: “ப்ளூ, ஆரஞ்ச், கிரீன், ப்ரௌன், ஸ்லேட், வைட், ரெட், பிளாக், யெல்லோ, வயலட், பிங்க், அக்வா.” பன்னிரண்டு இழை, பன்னிரண்டு நிறம். வரிசை ஒன்று தப்பினாலும் ஒரு வீட்டுக்குப் போக வேண்டியது வேறு வீட்டுக்குப் போய்விடும்.

மேல்பூச்சை உரித்ததும் மிஞ்சுவது 125 மைக்ரான் கண்ணாடி. அதன் நடுவில் ஒளி ஓடும் பகுதி வெறும் 9 மைக்ரான். அண்ணன் ஆல்கஹால் தொட்ட தாளால் ஒரே இழுப்பில் துடைத்தார். இழை கீச்சென்றது. அந்தச் சத்தம் வந்தால்தான் சுத்தமாம். பிறகு வெட்டுக் கருவியில் வைத்து ஓர் அழுத்து. விழுந்த துணுக்கைப் பொறுக்கி ஒரு சின்ன போத்தலில் போட்டு மூடினார். கிட்டே பார்க்க விரலை நீட்டினேன். “தொடாதீங்க, விரல் எண்ணெய் ஒட்டிக்கும்.”

ஸ்பிளைசிங் மெஷின் திரையில் இரு முனைகளும் தூண்போலப் பெரிதாகத் தெரிந்தன, நெருங்கின, ஒரு மின்பொறியில் ஒன்றாயின. இழப்பு 0.09 டெசிபல் என்று காட்டியது. அண்ணன் தயங்காமல் உடைத்தார். மறுபடி போட்டபோது 0.02.

கூலி ஜாயின்ட் கணக்கில்தான். உடைத்துப் போடும் நேரத்துக்குக் காசு இல்லை. இது அநியாயம் என்றே எனக்குப் படுகிறது. “0.09-லயும் நெட் வரும்லா. ஆனா ஒவ்வொருத்தனும் கொஞ்சம் கொஞ்சம் விட்டா?”

அவர் சொல்வதில் கணக்கு இருக்கிறது. ஓர் இழையின் ஒளி பிரிந்து 32 வீடுகளுக்குப் போகிறது. வீட்டை நோக்கி அது நொடிக்குச் சுமார் 249 கோடி பிட் சுமந்து வருகிறது. ஒரு பிட்டுக்குக் கிடைப்பது 402 பிகோ நொடி. அதற்குள் கண்ணாடியில் ஒளி ஓடும் தூரம் எட்டு சென்டிமீட்டர், என் ஆள்காட்டி விரல் அளவு. மறுமுனைக் கருவி ஒவ்வொரு பிட்டையும் நட்டநடுவில் பார்த்து ஒன்றா பூஜ்யமா என்று சொல்ல வேண்டும். எப்போது பார்ப்பதென்று சொல்லத் தனிக் கடிகாரக் கம்பி கிடையாது. உறுமி மேளத்தில் ஒருவர் அடியைக் கேட்டே மற்றவர் காலம் பிடிப்பதுபோல, ஒளியின் ஏற்ற இறக்கத்திலிருந்தே நேரத்தைப் பிடிக்கிறது கருவி. அந்த ஏற்ற இறக்கம் முன்பின்னாகத் தள்ளாடுவதுதான் ஜிட்டர். ஒளி மங்கினால் இரைச்சல் மேலோங்கித் தள்ளாட்டம் கூடும். அழுக்குப் பிடித்த கனெக்டரில் பட்டு எதிரொளித்த வெளிச்சமும் பிந்தி வந்து கலக்கும்.

நொடிக்குப் பத்து தடவைக்கும் குறைவாக அசைந்தால் அதை ஜிட்டர் என்பதில்லை, வாண்டர் என்பார்கள். வெயில் ஏறினால் தூணில் தொங்கும் கேபிளும் சூடேறும். ஒரு டிகிரிக்கு, ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 40 பிகோ நொடி ஒளி பிந்தும். அது மெல்ல நகர்வதால் எக்ஸ்சேஞ்சுக் கருவி சமாளித்துவிடுகிறது.

இதே மலாக்கா மாநிலக் கரையில்தான் 2005-இல் முடிந்த சீ-மீ-வீ 4 கடலடிக் கேபிளும் ஏறுகிறது. அதன் இன்னொரு கரை சென்னை. ஆரம்பத்தில் அதில் ஒவ்வொரு அலைநீளத்திலும் நொடிக்கு 1,000 கோடி பிட் ஓடியது. அங்கே ஒரு பிட்டின் நீளம் இரண்டே சென்டிமீட்டர். சொன்னேன். அண்ணன் தன் விரல் நுனியை ஒரு கணம் பார்த்தார்.

“அப்பா வெட்டுறப்ப சொல்வாரு, ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுத்தான் கத்தி ஓடணும், மரத்துல காயம் படக்கூடாதுன்னு. மரம் முப்பது வருஷம் பால் கொடுக்கணுமே.”

ஜாயின்ட்டின் மேல் சூட்டில் சுருங்கிய உறையை ஆறவைத்துத் தட்டில் பதித்தார். பையன் அடுத்த இழையை எடுத்துக் கொடுத்தான்.

“பிங்க் ஆச்சு. அக்வா.”