விசையும் விரலும்

துவக்கு என்னும் சொல் நம் இல்லத்தில் ஒலித்துப் பல ஆண்டுகள் ஆயின. 1995 ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில், கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கு நடந்தவர்களுள் நாமும் அடங்குவோம். ஆகவே, நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து வந்த நம் தம்பி மகன், "பெரியப்பா, என் துவக்குக்கு ஒரு புதிய விசை தெரிவு செய்ய வேண்டும்" என்றபோது, நம் இல்லாள் தேநீரை வைத்துவிட்டுப் பேசாமல் உள்ளே போய்விட்டார்.

அவன் வேட்டையாடுபவன் அல்லன். ஒட்டாவா நகருக்கு அருகிலுள்ள கொனோட் சுடுகளத்தில், 1000 யார், அதாவது 914 மீற்றர் தொலைவிலுள்ள இலக்கைக் குறிபார்த்துச் சுடும் போட்டியாளன். சைக்கிளைப் பிரித்துப் பூட்டுவது நம் பொழுதுபோக்கு. அதனால் இயந்திர நுட்பம் யாவும் நமக்குத் தெரியும் என்பது அவனது நம்பிக்கை.

கணக்கு ஒன்று போட்டுப் பார்த்தோம். முக்கால் மீற்றர் நீளமான குழலின் முனை, விரல் இழுப்பினாற் கால் மில்லிமீற்றர் விலகினாலும், அத்தொலைவில் குண்டு ஏறக்குறைய 30 சதமமீற்றர் விலகிவிடும். விசையின் பெருமை அப்போதுதான் நமக்கு விளங்கிற்று.

விசை இரு வகைப்படும் என்றான். ஒரு நிலை விசையில் வீண் அசைவு இல்லை. வேண்டிய அழுத்தம் சேர்ந்ததும் வெடி தீரும். இரு நிலை விசை முதலிற் சிறிது தளர்வாக வரும். பின்பு ஓரிடத்தில் முட்டி நிற்கும். அதற்குமேலும் அழுத்தினால்தான் வெடி தீரும். முற்றத்தில் நின்ற நம் சைக்கிளின் பிறேக்கைப் பிடித்துக் காட்டினோம். தளர்வு முடிந்து கட்டை வளையத்தைத் தொடும் இடத்தை விரல் அறியுமல்லவா? அதுவே இது என்று அவன் மகிழ்ந்தான்.

எனினும், மிக இலேசான விசையையே அவன் மனம் நாடிற்று. இலேசு எல்லாம் நன்மையன்று என்றோம். சர்வதேச 300 மீற்றர் நியமத் துவக்குப் போட்டியில் விசையின் எடை 1500 கிராமுக்குக் குறையலாகாது என்பது விதி. 2014 ஆம் ஆண்டில் றெமிங்டன் நிறுவனம், தானாக வெடிக்கக்கூடும் என்று கண்டு, 700 வகைத் துவக்குகள் பலவற்றை விசைக் குறைபாட்டுக்காக மீள அழைத்ததும் உண்டு. ஆதலால், தன் போட்டியின் விதியைப் பார்த்தல், இழுவையை விற்றராசால் அளத்தல், குண்டில்லாத துவக்கின் பூட்டை ஓங்கி அடைத்தும் அடிக்கட்டையைத் தட்டியும் விசை நழுவாமை அறிதல் ஆகிய மூன்றையும் வற்புறுத்தினோம்.

அப்போது இல்லாள் வாசற்படியில் வந்து நின்றார்.

"தம்பி, அந்த முட்டி நிற்கும் இடத்தில், வேண்டாம் என்று தோன்றினால் விரலை எடுத்துவிடலாமா?"

"எடுக்கலாம், பெரியம்மா. விசை பழைய நிலைக்குத் திரும்பிவிடும்."

"அப்படியானால் அதையே வாங்கு."

ஆறிப்போன தேநீரை எடுத்துச் சென்று, புதிதாகப் போட்டுக்கொண்டு வந்தார்.