கசக்கிய கண்கள்

மாசி, பங்குனி மாதங்களில் விளாத்திகுளத்துக் களங்களெல்லாம் சிவந்து கிடக்கும். கரிசலில் விளைந்த மிளகாய்ப் பழங்களைப் பறித்து வந்து வெயிலில் உலர்த்துவோம். வற்றலின் நெடியும் கரிசற்புழுதியும் சேர்ந்து கண்ணை அரிக்கும், நான் கசக்குவேன். கசக்கக் கசக்கச் சுகமாக இருக்கும். அந்தச் சுகத்துக்கு என் பார்வையே விலையாகும் என்பதை அப்போது அறியேன்.

பத்தாம் வகுப்பில் படிக்கும்போது கரும்பலகை எழுத்துகள் நிழலோடு இரட்டையாகத் தெரிந்தன. ஓராண்டுக்குள் இருமுறை மூக்குக்கண்ணாடியை மாற்றியும் தெளிவு வரவில்லை. வலி இல்லாததால் வீட்டில் எவரும் அஞ்சவில்லை. "வத்தல் வித்த காசு வரட்டும்யா, மதுரைக்குப் போயிருவோம்" என்றார் அப்பா. அவ்வாண்டு வற்றல் விலை சரிந்தது. பயணம் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போனது.

எனக்கு வந்திருப்பது 'கெரட்டோகோனஸ்' எனப்படும் கூம்புக் கருவிழி நோய் என்றார் மதுரை மருத்துவர். கண்ணின் முன்புறத்தில் ஒளி புகும் வண்ணம் அமைந்த கருவிழிப் படலம் மெலிந்து, கூம்பு போல முன்தள்ளும். பெரும்பாலும் பதின்பருவத்தில் தொடங்கும் இந்நோயைக் கண் கசக்கும் பழக்கம் வளர்க்கும்.

"தொய்ந்த கயிற்றுக்கட்டிலை என்ன செய்வீர்கள்?" என்று அப்பாவிடம் கேட்டார் மருத்துவர்.

"குறுக்குக் கயிறு கொடுத்து இறுக்குவோம் ஐயா."

"இதுவும் அப்படித்தான்."

ரைபோஃபிளேவின் எனும் வைட்டமின் பி2 சொட்டுமருந்தைப் படலத்தில் ஊறவிட்டு, அளவான புறஊதா ஒளியைச் செலுத்துவர். கொலாஜன் இழைகளுக்கிடையே புதிய குறுக்குப் பிணைப்புகள் தோன்றிப் படலம் இறுகும். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உருவான இம்முறையின் முதல் மருத்துவ முடிவுகள் 2003ஆம் ஆண்டில் வெளியாயின.

மருந்து உட்செல்வதற்காக என் கருவிழியின் மெல்லிய மேல்தோலை அகற்றினார்கள். பின்னர் மூன்று நாள்கள் கண்ணில் வற்றல் தூளைக் கொட்டியது போல எரிந்தது. இன்று அத்தோலை அகற்றாமலே சிகிச்சையளிக்கும் முறை வளர்ந்துள்ளது. தோலைக் கடந்து செல்லுமாறு மருந்தை மாற்றியமைத்தும், பிணைப்புக்குத் தேவையான ஆக்சிஜனைக் கூடுதலாகத் தந்தும் இதனைச் செய்கின்றனர். இவ்வகை முறையொன்றுக்கு அமெரிக்கா 2025ஆம் ஆண்டில் ஒப்புதல் அளித்தது. இதில் வலியும் குறைவு; ஆறும் காலமும் குறைவு.

ஆயினும் எம்முறையும் இழந்த பார்வையை முழுமையாக மீட்டுத் தராது. நோயை மேலும் வளரவிடாமல் நிறுத்துவதே அதன் பணி. என் வலக்கண் உரிய காலத்தில் காக்கப்பட்டது. இடக்கண்ணின் படலமோ அச்சிகிச்சையைத் தாங்க இயலாத அளவுக்கு மெலிந்துவிட்டிருந்தது. அதற்கு இனிக் கருவிழி மாற்று அறுவை மருத்துவமே வழி. அந்த ஓராண்டைப் பற்றி அப்பா இன்றுவரை பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

எட்டயபுரத்துக்கு அருகிலுள்ள அயன் வடமலாபுரத்தில் 1918ஆம் ஆண்டு பிறந்தவர் மருத்துவர் கோ. வெங்கடசாமி. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய பின்னும் கண் அறுவை மருத்துவம் செய்த அவர், தவிர்க்கக்கூடிய பார்வையிழப்பை ஒழிக்கும் நோக்கத்தோடு, 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 'தவிர்க்கக்கூடிய' என்னும் அச்சொல்லின் பொருளை என் இடக்கண் எனக்கு உணர்த்தியது.

மாணவர்களே, கண் அரித்தால் கசக்காதீர்கள். தூய நீரால் கழுவுங்கள். மூக்குக்கண்ணாடியை அடிக்கடி மாற்ற நேர்ந்தால், கருவிழியின் வடிவத்தைச் சோதிக்குமாறு மருத்துவரிடம் கேளுங்கள். வற்றல் விலை அடுத்த ஆண்டு ஏறலாம். மெலிந்த கருவிழி தானாகத் தடிப்பதில்லை.